‘2,800 மீட்டருக்கு மேல் நடுத்தர ஆபத்து’: பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பது எப்படி?

குளிர்காலம் தொடங்கிவிட்டால் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் பக்கமிருந்து வரும் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும்: “அடுத்த 24 மணி நேரத்தில் இந்தந்த மாவட்டங்களில் 2,800 மீட்டருக்கு மேல் நடுத்தர அளவிலான பனிச்சரிவு ஆபத்து.” படிப்பவருக்கு இரண்டு இடத்தில் குழப்பம் வருகிறது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் பல நேரம் வானம் பளிச்சென்று வெளுத்திருக்கும். அதோடு, ‘இந்த முறை பனியே சரியாக விழவில்லை’ என்று சுற்றுலா போனவர்கள் ஏமாந்து திரும்பிய அதே குளிர்காலத்தில், ஆட்களைப் பலிவாங்கும் சரிவுகளும் நடக்கும்.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. மலைமேல் வாரக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் பனிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேற்றுப் பெய்த பனி கடைசியாக ஏறிய சுமை. அந்தச் சுமை எதன்மேல் ஏறியது என்பதைப் பொறுத்துத்தான் சரிவு வருவதும் வராததும்.

பனிப்படுகைக்குள் நடப்பது

மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற வானிலை அமைப்புகள்தான் மேற்கு இமயமலைக்குக் குளிர்காலப் பனியைத் தருகின்றன. ஒவ்வொன்றும் வந்துபோகும்போது ஓர் அடுக்குப் பனியை விட்டுச்செல்கிறது. அடுத்தது வருவதற்குள் வெயில், காற்று, இரவுக் குளிர் மூன்றும் சேர்ந்து அந்த அடுக்கின் மேற்பரப்பை மாற்றிவிடும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து நிற்பதைத்தான் பனிப்படுகை என்கிறோம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ இருக்கும். காற்று அடித்து இறுக்கிய பனி 300 கிலோவைக்கூடத் தாண்டும்.

விழுந்த பனித்துகள்கள் சில நாட்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டிப்படுவது வழக்கம். அப்படி இறுகினால் நல்லது. ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

தரையை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும்; பூமியின் சூடு அதற்குமேல் குளிரவிடாது. மேற்பரப்போ இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கிவிடும். இந்த வித்தியாசத்தால் பனிக்குள் இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருக்கிறது. கீழ்ப்படிகங்களிலிருந்து ஆவியாகி, மேலே இருக்கும் படிகங்களில் போய் உறைகிறது. நாளாக ஆக, அந்தப் படிகங்கள் வட்டம் இழந்து, பட்டை தீட்டியதுபோல் கோணங்களோடு பெரிதாகின்றன. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வறுத்த ரவையைக் கையில் அள்ளி உருண்டை பிடிக்கப் பார்த்தால் எப்படி உதிருமோ, அப்படித்தான் இந்தப் பனியும் கையில் உதிர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. பனி 2 மீட்டர் ஆழம். தரையில் 0, மேலே மைனஸ் 15. வெப்ப வித்தியாசம் மீட்டருக்கு 7.5 டிகிரி.
2. பனி அரை மீட்டர்தான். அதே தரை, அதே குளிர். வித்தியாசம் மீட்டருக்கு 30 டிகிரி.

மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே உதிரிப் படிகங்கள் வளரத் தொடங்கும் என்பது பனியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆக, ஆழமான பனி தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. மெல்லிய பனி உள்ளிருந்தே உதிர்ந்துபோகிறது. டிசம்பரில் கொஞ்சமாகப் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வறண்ட குளிர் நீடித்தால் தரைக்குப் பக்கத்தில் ஓர் உதிரி அடுக்கு உருவாகிவிடும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் நீளும் கடுங்குளிரைச் சில்லைக் கலான் என்பார்கள். அந்த நாட்கள் பனியில்லாமல் வறண்டே கழிந்தால், பிப்ரவரியில் வரும் பெரும்பனிக்கு மோசமான அடித்தளம் தயாராக இருக்கிறது என்று பொருள்.

2024 குளிர்காலம் இந்த வரிசையோடு ஒத்துப்போனது. அந்த ஜனவரியில் காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கின் மலைச்சரிவுகள் பனியில்லாமல் காய்ந்து கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. பிப்ரவரியில் பனி கொட்டித் தீர்த்தது. 22ஆம் தேதி கிலன்மார்க் பகுதியில் நடந்த சரிவில் பனிச்சறுக்கு வந்த ரஷ்யர் ஒருவர் இறந்தார். அவரோடு இருந்த மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

பலவீன அடுக்கு தரையருகேதான் உருவாகும் என்றில்லை. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பிலேயே மெல்லிய தகடு வடிவப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மினுமினுக்கும், பார்க்க அழகாக இருக்கும். அவை அழியும் முன் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால், உள்ளே மறைந்து வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பாளம் உடையும் விதம்

ஆட்களைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை பாளச் சரிவுகள். கெட்டிப்பட்ட மேலடுக்கு மொத்தமாக, ஒரே பாளமாக, கீழே உள்ள உதிரி அடுக்கின்மேல் வழுக்கிக்கொண்டு வரும். இதற்கு நான்கு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்.

1. கோணம். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் இவை மிகுதி. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி நகராது. மிகச் செங்குத்தாக இருந்தால் பனி தங்குவதே இல்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடும். பனிச்சறுக்குக்காரர்களுக்குப் பிடித்த சாய்வும் இதே 30–45 டிகிரிதான், அதுதான் துயரம்.

2. மேலே சொன்ன பலவீன அடுக்கு.

3. அதன்மேல் ஒரு பாளம். இதற்குப் பெரும்பனி தேவை என்றுகூட இல்லை. காற்றே போதும். முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்துவிடும். வானத்திலிருந்து ஒரு துகள்கூட விழாத நாளில் ஒரு சரிவின்மேல் அரை மீட்டர் புதுச் சுமை ஏறியிருக்கலாம். பள்ளத்தாக்கில் நின்று பார்ப்பவருக்கு, முகட்டில் வெண்புகைபோல் பனி பறப்பது மட்டுமே தெரியும்.

4. தூண்டுதல். புதுப்பனியின் எடை, திடீர் வெயில், மழை, நிலநடுக்கம், அல்லது ஒரு மனிதரின் உடல் எடை. மனிதரின் கூச்சல் சரிவைக் கிளப்பிவிடும் என்று சினிமாக்கள் காட்டுவது தவறு. குரல் ஒலிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. பனிச்சறுக்கு, மலையேற்ற விபத்துகளில் பத்தில் ஒன்பது சரிவுகளைக் கிளப்பிவிட்டது அதில் சிக்கியவரோ அவரோடு வந்தவரோதான்.

காலடியில் பலவீன அடுக்கு நொறுங்கினால், விரிசல் அந்த இடத்தோடு நிற்பதில்லை. உதிரிப் படிகங்கள் வரிசையாகச் சரிய, விரிசல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடும். ‘வும்ம்’ என்று அடங்கிய ஓசை ஒன்று காலுக்கடியில் கேட்கும்; பனி ஓர் அங்குலம் இறங்கியதுபோல் இருக்கும். சமதரையில் நடப்பவர் காலடியில் தொடங்கிய விரிசல் மேலே உள்ள சரிவு வரை ஏறிப்போய் அதை உடைத்த சம்பவங்களும் உண்டு. ஐம்பது மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் என்று ஒரு சிறிய பாளத்தை எடுத்துக்கொண்டாலே, கன மீட்டருக்கு 250 கிலோ வீதம் 300 டன்னுக்கு மேல் வருகிறது. சில நொடிகளில் அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

பனி ஓய்ந்து வானம் வெளுத்த முதல் நாள் ஏன் ஆபத்தானது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. மெதுவாக ஏறும் சுமைக்குப் பனிப்படுகை கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகொடுக்கும். வேகமாக ஏறும் சுமைக்கு ஈடுகொடுக்க முடியாது. 24 மணி நேரத்தில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்தால் அதையே அபாயக் குறியாகக் கொள்வார்கள். பெய்து முடித்த மறுநாள் சுமை முழுதாக மேலே இருக்கிறது, வெயில் அதை இளக்கத் தொடங்குகிறது, மனிதர்களும் ‘நல்ல வெயில்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எல்லாமே ‘பனிச்சரிவு’ அல்ல

நம் செய்திகளில் வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. காரணம் வேறு, காலம் வேறு, தடுக்கும் வழியும் வேறு என்பதால் இதைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை புதைந்தது. அங்கிருந்த 10 பேரில் பெரும்பாலானோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் காலமானார். அங்கே விழுந்தது பாளச் சரிவு அல்ல. பனியாற்றின் பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. கெட்டியான பனிக்கட்டி என்பதால் மீட்புக்குழு நாள்கணக்கில் அதை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதித்துப் பார்க்கும் முறையால் இப்படி ஒரு சுவர் எப்போது இடியும் என்று கணிக்க முடியாது.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் 200க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இன்னொரு வகை. ரோந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்து வந்ததில் ஐந்தில் நான்கு பங்கு பாறை, மீதி பனிக்கட்டி. கீழே வரும் வழியில் அது நீரும் சேறுமாகி, ஆற்று வெள்ளமாக அணைத் திட்டங்களைத் தாக்கியது.

இவை தவிர ஈரச் சரிவு உண்டு. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறும்போது உருகிய நீர் பனிக்குள் இறங்கிப் பிணைப்புகளைக் கரைப்பதால் வருவது. வேகம் குறைவு, எடை மிக அதிகம். இளகிய மேல்பனி ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரிந்து இறங்கும் உதிரிச் சரிவும் உண்டு, பெரும்பாலும் சிறியது.

குளிர்காலத்துக்கு மட்டும் உரியது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா சிகரத்தில் சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. இருவர் கிடைக்கவே இல்லை. மழைக்காலம் முடிந்த கையோடு 5,000 மீட்டருக்கு மேல் புதுப்பனியும் காற்றும் சேர்ந்துவிட்டால் அங்கே அது குளிர்கால நிலைமைதான்.

மலைக்கு மலை மாறும் பனி

மேற்கு இமயமலையின் பனியை ஆய்வாளர்கள் மூன்று வலயமாகப் பார்க்கிறார்கள். பீர் பஞ்சால் தொடரை ஒட்டிய கீழ் வலயத்தில் பனி அதிகம், குளிர் மிதம். இங்கே பலவீன அடுக்கு பெரும்பாலும் சீக்கிரம் குணமாகிவிடும்; சரிவுகள் பெரும்பனியின்போதோ அதற்கு அடுத்த ஓரிரு நாளிலோ வருகின்றன. 2005 பிப்ரவரியில் பல நாள் கொட்டிய பனிக்குப் பிறகு தெற்குக் காஷ்மீரின் வால்டெங்கு நார் கிராமத்தில் 150க்கும் மேற்பட்டோர் புதைந்து இறந்தது இந்த வகை. கரகோரம் அடங்கிய மேல் வலயத்தில் பனி குறைவு, குளிர் கொடுமை. உதிரி அடுக்கு மாதக்கணக்கில் குணமாகாமல் அப்படியே இருக்கும். நடு வலயம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு குணம் மாறும்.

எச்சரிக்கை எப்படித் தயாராகிறது?

இந்தியாவில் இந்தப் பொறுப்பு, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டீகரிலிருந்து இயங்கும் டிஜிஆர்இ (பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம்) உடையது. மணாலியில் 1969இல் தொடங்கப்பட்ட பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் வாரிசு இது. தானியங்கி வானிலை நிலையங்கள், செயற்கைக்கோள் படங்கள், மலைமேல் நேரடி அளவீடுகள் எல்லாவற்றையும் வைத்துக் கணிக்கிறார்கள். மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் அதை மக்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன.

நேரடி அளவீடுகளில் ஒன்று உலகெங்கும் செய்யப்படுவது, மிக எளிமையானது. பாதுகாப்பான இடத்தில் தரை வரை குழி வெட்டி, சுவரில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உள்வாங்கலில் ஒரு தூணைத் தனியாகச் செதுக்குவார்கள். அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில், எந்த ஆழத்தில் தூண் வெட்டுப்பட்டு நகர்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே மேல்பாகம் பளிச்சென்று வழுக்கி முன்னால் வந்துவிட்டால், அன்றைக்கு அந்தச் சரிவின் பக்கம் போகக் கூடாது. நன்றாக நின்றால் போகலாம் என்று பொருளில்லை. பத்து மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம்.

சரி, எச்சரிக்கை வரியை இப்போது பிரித்துப் படிக்கலாம்.

‘2,800 மீட்டருக்கு மேல்’ என்பது சரிவு கிளம்பும் உயரம். அது எங்கே போய் நிற்கும் என்பதை இந்த எண் சொல்லவில்லை. பனி கிளம்பிவிட்டால் ஓடைத்தடம் வழியாக அதற்குக் கீழேயும் இறங்கும். குல்மார்க் ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கோண்டோலா கேபிள் கார் முதல் கட்டத்திலேயே 3,000 மீட்டரைத் தாண்டி, இரண்டாம் கட்டத்தில் 3,900க்கு மேல் போய்விடும். ‘நாங்கள் ஊரில்தானே இருக்கிறோம்’ என்பது கேபிள் காரில் ஏறும்வரைதான் செல்லும்.

‘நடுத்தர ஆபத்து’ என்ற சொல்தான் அதிகம் ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து படிநிலைகள் கொண்ட பொது அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஆபத்து சமமாகக் கூடுவதில்லை, மடங்கு மடங்காகக் கூடுகிறது. அங்கே பனிச்சறுக்கு, மலையேற்ற மரணங்கள் அதிகம் நடப்பது நான்கிலோ ஐந்திலோ அல்ல, நடுவில் இருக்கும் மூன்றாம் படியில். நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வெளியே வருவதில்லை. மூன்றில் வெயில் அடிக்கிறது, பனி அழகாக இருக்கிறது, ஆனால் ஒரே ஓர் ஆளின் எடையே பாளத்தை உடைக்கப் போதும்.

புதைந்தவருக்கு உள்ள நேரம்

ஓடி வந்த பனி நின்றதும் இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. மரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறலால் வருகிறது, குளிரால் அல்ல. சுவிட்சர்லாந்தின் பழைய தரவுகளின்படி முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 35 நிமிடம் ஆனபோது மூன்றில் ஒருவர்தான். அண்மைய ஆய்வு அந்த 15 நிமிடத்தையும் 10 ஆகக் குறைத்துவிட்டது. அதனால் வெளியிலிருந்து வரும் மீட்புக்குழுவைவிட, பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் உயிரைக் காப்பாற்ற முடியும். பனிமலைக்குப் போகும் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி, நீளமான துழாவுகோல், மண்வாரி மூன்றையும் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

காற்றுவெளி இருந்தால் கணக்கு மாறும். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாம் புதைந்தபோது 54 பேர் சிக்கினார்கள். 46 பேர் உயிரோடு வந்தார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தார்கள். கன்டெய்னர்கள் உருண்டாலும் உள்ளே காற்று இருந்தது. மறுநாளும் சிலரை உயிரோடு எடுக்க முடிந்தது.

இத்தனைக்கும் முந்தைய நாள் மாலையே, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு ஆபத்து என்று எச்சரிக்கை வெளியாகியிருந்தது. முகாமோ 3,000 மீட்டருக்கு மேல். அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த வரி முகாமில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு என்ன ஏற்பாடாக மாறியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இனி என்ன மாறுகிறது?

இமாச்சலப் பிரதேசத்தில் மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்த காயங்களைக் கொண்டு பழைய சரிவுகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. வெப்பம் கூடக் கூடச் சரிவுகளும் கூடியிருப்பதை அது காட்டியது. குளிர்காலக் கடைசியில் பனி முன்னதாகவே ஈரமாகிவிடுவது முக்கியக் காரணம். பனி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இதில் ஆதரவு இல்லை.

சாலைகளுக்கு வழி இருக்கிறது: சரிவுத்தடத்துக்குக் கீழே சுரங்கம், சாலைக்கு மேலே கூரையிட்டு மூடிய பாதை, சரிவு கிளம்பும் இடத்தில் இரும்பு வேலிகள். 2020இல் திறந்த அடல் சுரங்கமும் 2025 ஜனவரியில் திறந்த சோனாமார்க் சுரங்கமும் அதிகம் மூடப்பட்ட பாதைகளைத் தரைக்கடியில் கொண்டுபோய்விட்டன. ஆனால் சுரங்கம் வந்தால் குளிர்காலத்தில் ஊர் திறந்திருக்கும். ஆட்கள் அதிகம் வருவார்கள். முன்பு யாருமே இல்லாத பிப்ரவரியில் விழுந்து ஓய்ந்த சரிவுகளின் கீழே இப்போது வாகனங்கள் நிற்கின்றன.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். 13ஆவது மைல் வரை போகவே அனுமதி. அவர்கள் இருந்தது 15ஆவது மைலில். இந்த மலைப்பாதைகளில் போகிறவர்கள் டிரைவரிடம் முந்தைய நாள் மாலை எச்சரிக்கை வந்ததா என்று கேட்டுவிட்டே கிளம்பலாம். மேலே மரமில்லாமல் நேராக வகிடு எடுத்ததுபோல் இறங்கும் வெள்ளைத் தடம் தெரிந்தால் அது சரிவு வழக்கமாக வரும் வழி. படமெடுக்க அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.